இளவயதில் இடுப்பு வலி: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

தேனி மாவட்டத்தின் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களில் இருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைப்பாதைகள் வழியாக கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலையில் ஜீப் ஏறி, அந்தி சாயும்போது இறங்கி வருகிறவர்களுக்கும், அந்த ஜீப்புகளை ஓட்டுகிறவர்களுக்கும், கீழே திராட்சைப் பந்தலிலும் சந்தையிலும் சுமை தூக்குகிறவர்களுக்கும் இடுப்பு வலி தெரியாத சங்கதி அல்ல. ஆனால் இருபது, இருபத்தைந்து வயதில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தால், "இந்த வயசுல உனக்கு என்ன வலி" என்று வீட்டிலேயே அலட்சியப்படுத்துகிறார்கள். இல்லாவிட்டால் முதல் வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து, முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) விலகிவிட்டது என்று பயந்து, பிள்ளையைப் படுக்கையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் செய்கின்றன.

இங்கே இடுப்பு வலி என்று சொல்வது, கடைசி விலா எலும்புக்குக் கீழும் பிட்ட மடிப்புக்கு மேலும் முதுகுப் பக்கமாக வரும் வலியை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகம் முழுவதும் 61.9 கோடிப் பேருக்கு இந்த வலி இருந்தது. இவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு, இன்னதுதான் என்று சுட்டிக்காட்டும்படியான நோய் எதுவும் எலும்பிலோ நரம்பிலோ இருப்பதில்லை. அவர்களுக்கு வலி நிஜம், ஆபத்து இல்லை. மீதமுள்ள அந்த ஒருவரைத் தவறவிடக்கூடாது. இந்தப் பள்ளத்தாக்கில் இயன்முறை மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) வேலை பார்க்கும் நான் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்பது, வலி எங்கே இருக்கிறது என்பதை அல்ல. எப்போது வருகிறது, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் குறைகிறது என்பதைத்தான். இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடை, பல நேரம் ஸ்கேன் படத்தைவிடத் தெளிவாகக் காரணத்தைக் காட்டிவிடுகிறது. கீழே உள்ள முதல் பகுதியை எல்லோரும் படித்துவிட்டு, பிறகு தங்கள் அறிகுறிக்கு உரிய பகுதிக்குப் போகலாம்.

சிறுநீர் வரவில்லை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போகிறது, இரண்டு கால்களும் தளர்கின்றன

இடுப்பு வலியோடு இவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறுநீர் முட்டியும் வராமல் இருப்பது, அல்லது தெரியாமலேயே கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் பகுதி முழுவதும் உணர்ச்சி குறைவது, இரண்டு கால்களிலும் வலியோ பலவீனமோ இறங்குவது ஆகியவை, தண்டுவடத்தின் அடியில் கொத்தாக இறங்கும் நரம்புகள் நசுங்குவதன் அடையாளங்கள். பெரும்பாலும் பெரிதாகப் பிதுங்கிய ஜவ்வுதான் அப்படி நசுக்குகிறது. அறுவை சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் செய்கிறார்களோ அவ்வளவுக்குச் சிறுநீர்ப்பையும் கால்களும் தப்பும். பொதுவாக 48 மணி நேரத்தை வெளி எல்லையாகச் சொல்வார்கள், ஆனால் அந்த எல்லை வரை காத்திருக்கலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

மலைமேல் இருக்கும்போது இப்படி ஆனால், மாலை ஜீப்பில் ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட வேண்டாம். 108 என்ற எண் இரண்டு மாநிலங்களிலும் ஆம்புலன்ஸைக் கொண்டுவரும். எம்.ஆர்.ஐ. வசதியும் அறுவை சிகிச்சை நிபுணரும் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்பதால், இந்தப் பக்கம் தேனி க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மதுரை, அந்தப் பக்கம் கோட்டயம் என்று முதல் மருத்துவரே அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏணியில் நின்று மிளகு பறிக்கும்போது விழுந்தவரையும், ஜீப் கவிழ்ந்து அடிபட்டவரையும் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வண்டியில் ஏற்றக்கூடாது. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே காலைச் செயலிழக்கச் செய்யும். அசையாமல் படுக்கவைத்து, கழுத்தும் முதுகும் ஒரே கோட்டில் இருக்கும்படி ஒரு பலகையில் நான்கு பேர் சேர்ந்து மாற்றுங்கள்.

மூட்டையைத் தூக்கும்போது படக்கென்று பிடித்துக்கொண்டது, நிமிர முடியவில்லை

காலுக்கு வலி இறங்கவில்லை, மரப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, விழவும் இல்லை என்றால் இது தசைப் பிடிப்பு. பெரும்பாலும் ஜவ்வின் வெளிச்சுவரிலோ பின்பக்கச் சிறு மூட்டிலோ ஏற்பட்ட சிறு காயத்தைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி நிற்கும் நிலை. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும், உடம்பு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். ஆனால் அநேகருக்கு இரண்டு வாரத்துக்குள் பெருமளவு குறைந்துவிடும்.

முதல் நாள் படுக்க வேண்டுமானால் மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து படுக்காமல் எழுந்து வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடங்கள். படுத்தே இருந்தால் சரியாகும் என்பது நம் வீடுகளில் ஆழமாக ஊறிய நம்பிக்கை. 1995இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஹெல்சிங்கி நகராட்சியின் ஊழியர்கள் 186 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை இரண்டு நாள் படுக்கவைத்தார்கள், ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், மூன்றாவது குழுவைத் தாங்கும் அளவுக்கு வழக்கமான நடமாட்டத்தைத் தொடரச் சொன்னார்கள். வேகமாகக் குணமானவர்கள் மூன்றாவது குழுவினர். மெதுவாகக் குணமானவர்கள் படுத்திருந்தவர்கள்.

வெந்நீர் ஒத்தடம் நல்லது. எண்ணெய் போட்டு இதமாகத் தடவுவதும், மலைக்கு அந்தப் பக்கம் செய்வதுபோல் மூலிகைப் பொட்டலத்தைச் சூடாக்கி ஒற்றும் கிழி வைப்பதும் இறுக்கத்தைத் தளர்த்தும். ஆனால் முதுகின் மேல் ஏறி மிதிப்பதையும், சுளுக்கு எடுக்கிறேன் என்று வெடுக்கென்று திருகுவதையும் இந்த நிலையில் அனுமதிக்க வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சில நாட்களுக்கு உதவும் என்றாலும், வெறும் வயிற்றில் போட்டால் குடற்புண் வரும். நாளெல்லாம் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்துகொண்டே போட்டால் சிறுநீரகம் பாதிக்கும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. பாராசிட்டமால் பாதுகாப்பானது என்று பலர் அதை நம்புகிறார்கள், ஆனால் ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், திடீர் இடுப்பு வலி குணமாகும் நாட்களை அது குறைக்கவில்லை என்று தெரிந்தது.

இந்தக் கட்டத்தில் எக்ஸ்-ரேயோ ஸ்கேனோ வேண்டாம். ஆறு வாரத்திலும் குறையாவிட்டால் அப்போது மருத்துவர் முடிவு செய்யட்டும்.

மாலையில் கூடுகிறது, ஞாயிற்றுக்கிழமை குறைகிறது, திங்கட்கிழமை திரும்ப வருகிறது

நான் அதிகமாகப் பார்ப்பது இதைத்தான். வலிக்குக் காரணம் உடம்புக்குள் இருக்கும் நோயைவிட, ஒரு நாள் வேலை அடுக்கப்பட்டிருக்கும் வரிசையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதனால் அந்த நாளைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையில் உள்ள ஜவ்வுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் உயரமாக இருப்பது இதனால்தான். அப்படிப் பருத்து விம்மியிருக்கும் ஜவ்வு, குனியும்போது வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. நாலு மணிக்கு எழுந்து, குனிந்து வாசல் கூட்டி, குனிந்து பாத்திரம் கழுவி, சோறு கட்டிக்கொண்டு ஜீப் ஏறும் பெண், அன்றைக்கு முதுகு மிகவும் பலவீனமாக இருக்கும் நேரத்திலேயே அதற்கு மிகக் கடினமான வேலையைக் கொடுத்துவிடுகிறார். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதை மட்டும் தவிர்த்தாலே, நாள்பட்ட வலி உள்ளவர்களில் பலருக்குக் குறைகிறது. நீளக் காம்புள்ள துடைப்பமும், நின்றபடி கழுவும் தொட்டியும் இல்லாத வீட்டில் அந்த வேலையை முந்தின இரவே முடிப்பதோ, மற்றவர்கள் ஏற்றுக்கொள்வதோ வழி. வீட்டில் வளர்ந்த ஆண்பிள்ளைகள் இருக்கும்போது வலியுள்ள பெண்ணே வாசல் கூட்ட வேண்டும் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை.

அடுத்தது ஜீப். உட்கார்ந்திருக்கும் மனிதரின் முதுகெலும்பு, வினாடிக்கு 4 முதல் 6 தடவை அதிரும் குலுக்கலுக்கு மிக அதிகமாக ஒத்து ஆடும். கரடுமுரடான பாதையில் போகும் வண்டியின் குலுக்கல் இந்த வரம்புக்குள்தான் விழுகிறது. பின்பக்கத்தில் எதிரெதிர்ப் பலகையில் முழங்காலோடு முழங்கால் முட்டப் பக்கவாட்டாக உட்கார்ந்து, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இடுப்பைத் திருகிச் சமாளிக்கிறவர்களுக்கு இது இன்னும் கூடுதல். அப்படி வந்து இறங்கியதும் உடனே மருந்து டிரம்மையோ உர மூட்டையையோ தூக்குவது ஆபத்தான தருணம். இறங்கிய பிறகு ஐந்து நிமிடம் நடந்து, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நாலைந்து தடவை மெதுவாகப் பின்னால் சாய்ந்து நிமிர்ந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஓட்டுநர்களுக்கு: சீட்டில் மடித்த போர்வை ஒன்றை இடுப்பின் குழிவுக்கு நேராக வையுங்கள், கிளட்சை முழுதாக மிதிக்கும்போது பிட்டம் சீட்டை விட்டு நகராதபடி சீட்டை முன்னால் தள்ளுங்கள், டயரில் காற்றை அளவாக வையுங்கள்.

பிறகு வேலை. ஏலச் செடியில் காய்ச்சரம் தூரில் இருந்து கிளம்பித் தரைக்கு அருகிலேயே நீள்கிறது; ஆகவே காய் எடுக்கிறவர் ஒவ்வொரு தூரிலும் தரைமட்டத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். தலைக்கு மேல் இலை அடைத்துக்கொண்டிருப்பதால் அடுத்த தூருக்குப் போகும்போதும் நிமிராமலே நகர்வார்கள். இடுப்பில் கட்டிய பை முன்பக்கம் கனத்து இழுக்கும். இப்படி மணிக்கணக்கில் வளைந்தே இருக்கும் முதுகில் தசைகள் ஒரு கட்டத்துக்குமேல் தாங்குவதை நிறுத்திவிடுகின்றன. பாரம் முழுவதும் பின்பக்கத் தசைநார்களில் தொங்குகிறது, அவை மெல்ல இழுபட்டுத் தளர்ந்துபோகின்றன. மாலையில் வரும் அந்த வலி இதுதான். நிமிர்ந்து நின்றாலும் தசைநார் பழைய இறுக்கத்துக்கு உடனே திரும்புவதில்லை என்பதால், வேலை முடிந்த கையோடு காய்ச் சாக்கைத் தூக்கி ஸ்டோருக்குச் சுமப்பவருக்கு அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

இதற்குத் தீர்வாக, இரண்டு மூன்று தூருக்கு ஒரு முறை பத்து வினாடி முழுதாக நிமிர்ந்து பின்னால் சாயுங்கள். ஒரு தூரில் குந்தி உட்கார்ந்தால் அடுத்த தூரில் ஒற்றை முழங்காலை ஊன்றுங்கள். முழங்காலுக்குச் சாக்கை மடித்துக் கட்டிக்கொள்ளலாம். பையை முன்னாலேயே விடாமல் பக்கத்துக்குத் தள்ளி, பாதி நிரம்பியதும் கொட்டிவிடுங்கள். வேகம் குறையும் என்று கங்காணி சொல்லக்கூடும். பத்து வினாடி நிமிர்வதால் குறையும் காய், ஒருவர் பத்து நாள் வராமல் போவதால் குறையும் காயைவிடக் குறைவு என்பதைத் தோட்டக்காரர்கள் தாராளமாக யோசித்துப் பார்க்கலாம்.

சுமை விஷயத்தில் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் உடல்நல நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கின்படி, பிடிமானம், உயரம், தூரம் எல்லாமே சாதகமாக இருக்கும்போதும் ஒருவர் தூக்கத் தகுந்த எடை 23 கிலோ. நம் சந்தைகளில் ஒரு மூட்டை 50 கிலோ. இருவர் சேர்ந்து தூக்குவது, தரையில் இருந்து தூக்காமல் இடுப்பளவு திண்ணையில் இருந்து எடுப்பது, உடம்போடு ஒட்டிப் பிடிப்பது, இடுப்பைத் திருப்பாமல் காலை நகர்த்தித் திரும்புவது ஆகிய நான்கையும் பழக்கிக்கொள்ளுங்கள். இடுப்புப் பெல்ட் கட்டினால் பாரம் தூக்கலாம் என்பது தவறான தைரியம். நாள்பட்ட இடுப்பு வலிக்கான சிகிச்சையாகப் பெல்ட்டைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமே 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது.

வலி பிட்டத்தில் தொடங்கிக் கெண்டைக்காலையும் தாண்டிப் பாதம் வரை இறங்குகிறது

இருமினாலோ தும்மினாலோ கால் வரை மின்சாரம் பாய்வதுபோல் இழுத்தால், ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரைத் தொடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இப்படிப் பிதுங்குவது ஏறத்தாழ எல்லோருக்கும் கடைசி இரண்டு ஜவ்வுகளில்தான். எந்த நரம்பு என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்தடி நடங்கள். முன்பாதம் தரையில் விழுந்தாலோ, கட்டை விரலை மேலே தூக்கும் பலம் ஒரு காலில் குறைந்தாலோ அந்த இரண்டு ஜவ்வுகளில் மேலே உள்ளது தொடும் மேல் நரம்பு. பிறகு ஒற்றைக் காலில் நின்று குதிகாலைப் பத்துத் தடவை உயர்த்துங்கள். ஒரு காலில் முடிந்து மற்றதில் முடியாவிட்டால் கீழ் நரம்பு. இரண்டிலும் பலம் சமமாக இருந்து வலி மட்டும் இருந்தால் பொறுத்திருந்து பார்க்கலாம். பாதம் தொங்கிச் செருப்பு நழுவும் அளவுக்குப் பலம் குறைந்தால் பொறுக்கக்கூடாது, சில நாட்களுக்குள் நிபுணரைப் பார்க்க வேண்டும்.

பலம் சரியாக இருப்பவர்கள் குப்புறப் படுத்து, இரண்டு நிமிடம் கழித்து முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்திப் பாருங்கள். காலில் இருந்த வலி பின்வாங்கிப் பிட்டத்துக்கோ இடுப்புக்கோ ஏறினால், இடுப்பில் சற்றுக் கூடினாலும், அது நல்ல அடையாளம். இதை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை செய்யலாம். வலி இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் இது தணிந்துவிடுகிறது. பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு, அதுவும் பெரிய பிதுக்கங்களில் அதிகமாக. ஸ்கேன் அறிக்கையில் இருக்கும் சொற்களைக் கண்டு மனம் உடைந்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: வலியே இல்லாதவர்களை எடுத்த ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015இல் வெளியான ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானமும், 30 சதவீதம் பேருக்கு ஜவ்வுப் பிதுக்கமும் இருந்தன. உங்கள் படத்தில் தெரிவது உங்கள் வலிக்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குதிகால் நடையும் வலி இறங்கும் பாதையும் படத்தோடு பொருந்தினால்தான் அதை நம்பலாம்.

காலையில் விறைத்துப்போகிறது, வேலை செய்தால் சரியாகிவிடுகிறது

இருபத்து நான்கு வயது ஜீப் ஓட்டுநர் ஒருவர் என்னிடம் சொன்னது: "அக்கா, வண்டியில ஏறுனா வலி போயிருது. லீவு போட்டுப் படுத்தாத்தான் கொல்லுது." அவர் அதை ஆறுதலான செய்தியாகச் சொன்னார். எனக்கு அது எச்சரிக்கையாகக் கேட்டது, ஏனென்றால் சாதாரண இடுப்பு வலி ஓய்வில் குறைந்து உழைப்பில் கூடும். இவருடையது தலைகீழாக இருந்தது.

நாற்பத்தைந்து வயதுக்கு முன் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருந்து, நடந்தால் விட்டு, பின்னிரவு இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிடும் வலி, முதுகெலும்பின் அழற்சி வாதமாக இருக்கலாம். ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று அறிக்கைகளில் எழுதுவது இந்தக் குடும்பத்து நோயைத்தான். பிட்டத்தில் ஒரு வாரம் இடது பக்கமும் மறுவாரம் வலது பக்கமும் மாறி மாறி வலிப்பது, குதிகால் வலி, ஒரு கண் சிவந்து வெளிச்சம் பார்க்கக் கூசுவது, தோலில் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ், நெருங்கிய இரத்த உறவில் யாருக்காவது முதுகு வளைந்து இறுகிப்போயிருப்பது ஆகியவற்றில் ஏதாவது கூட இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. வலி மாத்திரை போட்ட ஓரிரு நாளில் அதிசயமாகக் குறைவதும் ஒரு குறிப்பு. இந்த நோய் இருபதுகளில் தொடங்கினாலும், கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. அதற்குள் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கினால் திரும்ப விடுவிக்க முடியாது.

எலும்பு மருத்துவரிடம் மட்டும் போய் நிற்காமல், வாதநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இடுப்புக்கூட்டு மூட்டின் எக்ஸ்-ரே அல்லது எம்.ஆர்.ஐ., எச்.எல்.ஏ. பி27 என்ற இரத்தப் பரிசோதனை ஆகியவற்றை அவர் எழுதிக் கொடுப்பார். பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே தினமும் உடம்பை நீட்டி நிமிர்த்தும் பயிற்சி செய்யத் தொடங்கலாம், புகைப்பதை அன்றைக்கே நிறுத்தலாம். புகை இந்த நோயை வேகப்படுத்துகிறது.

வலியோடு மாலைக் காய்ச்சல், மெலிவு, இரவு வியர்வை

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கும்போது, இளைஞர்களின் முதுகெலும்புக் காசநோயை நாம் மறக்கவே கூடாது. இருமல் இல்லாமலே முதுகெலும்பில் மட்டும் இது வரலாம். வாரக்கணக்கில் படிப்படியாகக் கூடும், படுத்தாலும் விடாது, ஒரு குறிப்பிட்ட எலும்பை விரலால் தட்டினால் உயிர் போகும். நாள் செல்லச் செல்ல முதுகில் ஒரு முடிச்சு தள்ளும். இந்த நிலையில் தடவுவதும் மிதிப்பதும் அரித்துப்போன எலும்பை நொறுக்கிவிடும். வலி மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் காய்ச்சலை மறைத்து நாளைக் கடத்தும். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பல மாதம் நிறுத்தாமல் சாப்பிட்டால் குணமாகும் நோய் இது. தமிழ்நாட்டில் மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பவர் தோட்டத்திலேயே தங்கி வேலை செய்யப் போவதானால், கேரளப் பக்கத்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குச் சிகிச்சையை மாற்றித் தரச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லை தாண்டும் இடத்தில்தான் மாத்திரை நின்றுபோகிறது.

பின்னால் வளைந்தால் வலிக்கிறது, குனிந்தால் சுகமாக இருக்கிறது

திராட்சைப் பந்தலுக்கு அடியில் தலையை அண்ணாந்து கையை உயர்த்தி நாளெல்லாம் குலை வெட்டுகிறவர்களுக்கும், வேகப்பந்து வீசும் பையன்களுக்கும் இது வரும். பந்தலில் வேலை செய்பவர் ஒரு காலைப் பழப்பெட்டியின் மேல் வைத்து மாற்றி மாற்றி நின்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். விளையாடும் பிள்ளைக்கு, குறிப்பாக இருபதுக்கு உட்பட்டவருக்கு, ஒரு பக்கமாக மூன்று வாரத்துக்கு மேல் வலித்தால், எலும்பின் பின்வளைவில் மயிரிழை முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2019இல் பும்ரா மாதக்கணக்கில் ஆடாமல் இருந்ததும் முதுகின் கீழ்ப்பகுதியில் ஏற்பட்ட இத்தகைய அழுத்த முறிவால்தான். ஓய்வு கொடுத்தால் ஆறும், விளையாடிக்கொண்டே இருந்தால் ஆறாது.

பிள்ளை பெற்ற பிறகு விடாத வலி

சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்று ஊரே சொல்கிறது. ஊசி குத்திய இடம் சில நாள் நோகலாம். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலியை அது உண்டாக்குகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை, சுகப்பிரசவத்தில் பெற்றவர்களுக்கும் இதே வலி வருகிறது. உண்மையான காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன: பத்து மாதம் இழுபட்டுத் தளர்ந்த அடிவயிற்றுத் தசை, இரவு முழுவதும் குனிந்து பால் கொடுப்பது, காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கெண்டைக்காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, தாழக் கட்டிய தொட்டிலில் இருந்து தூக்குவது, தூக்கமின்மை. முதுகைச் சுவரில் சாய்த்து, மடியில் தலையணை வைத்து, பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள், ஆனால் கொக்கியும் கயிறும் உறுதியாக இருக்க வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மூச்சை விடும்போது அடிவயிற்றை உள்ளே இழுத்து, சிறுநீரை அடக்குவதுபோல் கீழ்த்தசையை இறுக்கி ஐந்து வினாடி நிறுத்துங்கள். சிசேரியன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

உட்கார்ந்தால் மட்டும் வலிக்கிறது

கல்லூரி மாணவர்களும், வீட்டில் இருந்து கணினி வேலை செய்பவர்களும், கட்டிலில் சாய்ந்து போன் பார்ப்பவர்களும் சொல்வது இது. நேராக உட்காருவதைவிட, ஒரே நிலையில் உட்காராமல் இருப்பதே முக்கியம். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். வெறுந்தரையில் படுத்தால் முதுகு நேராகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் 2003இல் ஸ்பெயினில் 313 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்ததில் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியான மெத்தையே வலியைக் குறைத்தது. இலவம்பஞ்சு மெத்தை போதும்.

எல்லாம் செய்து பார்த்தும் மூன்று மாதமாக விடவில்லை

மேலே சொன்ன எச்சரிக்கை அடையாளங்கள் எதுவும் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, நாம் வழக்கமாகப் பேசாத காரணங்களைப் பார்க்க வேண்டும். ஒரு முறை வலி வந்தவருக்கு மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். அதற்கு மேல் புகைப்பழக்கம், கூடுதல் எடை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, வேலையில் மரியாதையோ நிச்சயமோ இல்லாத கவலை ஆகிய ஒவ்வொன்றும் வலியை நீட்டிக்கின்றன. இன்றைக்குப் போகாவிட்டால் இன்றைய கூலி இல்லை என்ற நிலையில் இருப்பவர் வலியைக் கண்டு மற்றவரைவிட அதிகம் பயப்படுகிறார், பயத்தில் உடம்பை இறுக்கிக்கொண்டு நடக்கிறார், இறுகிய உடம்பு இன்னும் வலிக்கிறது. இதைச் சொன்னால் "அப்ப எனக்கு வலியே இல்ல, மனசுலதான்னு சொல்றீங்களா" என்று சிலர் வருந்துகிறார்கள். அப்படி இல்லை. வலி உடம்பில்தான் இருக்கிறது. அதன் சத்தத்தைக் கூட்டும் திருகு மனக்கவலையின் கையிலும் இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் நான் முதலில் எழுதிக் கொடுப்பது நடை. 2024இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வலி வந்து குணமான 701 பேரில் ஒரு பாதியினரை வாரம் ஐந்து நாள், முப்பது நிமிடம் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நடக்கவைத்தார்கள். நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுமட்டக் கணக்கில் 208 நாட்கள் ஆயின. நடக்காதவர்களுக்கு 112 நாட்கள். தோட்டத்தில் நாளெல்லாம் நடக்கிறேனே என்று கேட்பவர்களுக்கு: சரிவில் குனிந்து நகர்வது வேறு, கையை வீசி நிமிர்ந்து சமதளத்தில் நடப்பது வேறு. அதோடு இரண்டு பயிற்சிகள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிப் பிட்டத்தை உயர்த்தி ஐந்து வினாடி நிறுத்துவது ஒன்று. கையையும் முழங்காலையும் ஊன்றி, முதுகில் வைத்த டம்ளர் விழாத அளவுக்கு அசையாமல், வலது கையையும் இடது காலையும் நீட்டி, பிறகு மாற்றி நீட்டுவது மற்றொன்று. பக்கத்துக்கு எட்டுத் தடவை, வாரத்தில் நான்கு நாளாவது.

பிசியோதெரபிக்காகத் தினமும் டவுனுக்குப் போய்வர முடியாதவர்கள், தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் இருக்கிறது என்பதைத் தங்கள் பகுதிச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இடுப்பில் தெரிந்தாலும் இடுப்பில் இல்லாத வலி

விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி, அலை அலையாக வந்து, அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இறங்கி, எப்படிப் படுத்தாலும் அமைதி கொடுக்காத வலி சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். குளிர்க் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் ஒதுங்க இடமில்லாததால் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் அதிகம் வருகிறது. மாதவிடாயோடு மாதா மாதம் கூடிக் குறையும் வலியை மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

யாரிடம் போனாலும், போவதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: வலி தொடங்கிய மாதம், ஒரு நாளில் எந்த நேரத்தில் கூடுகிறது, படுத்தால் கூடுகிறதா குறைகிறதா, முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, காய்ச்சலோ மெலிவோ உண்டா, இதுவரை போட்ட மாத்திரை ஊசிகளின் பெயர்கள், தினமும் செய்யும் வேலை இன்னது என்பது. மலையாளம் பேசும் மருத்துவரிடம் அவசரமாகச் சொல்ல நேர்ந்தாலும் உடன் வருகிறவர் அந்தத் தாளைப் பார்த்துச் சொல்லிவிடுவார்.